காணாமற்போகும் தலைவரிகள்

கணனியில் கடிதமோ அறிக்கையோ தயாரிப்பவர்களிடமிருந்து அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்று உண்டு. அலுவலகத்தின் பெயர், முகவரி, இலச்சினை ஆகியன ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வருமாறு ஒரு ‘டெம்ப்ளேட்’, அதாவது வார்ப்புரு, செய்து வைக்கப்பட்டிருக்கும். முதற் பக்கத்தில் யாவும் செவ்வனே இருக்கும். இரண்டாம் பக்கத்தின் தலையோ வெறுமையாக இருக்கும். சில வேளை திரையில் தெரிவது தாளில் வராது. வேறு சில வேளை நேற்றுவரை இருந்த தலைவரி இன்று காலை கோப்பைத் திறந்தபோது இல்லாதிருக்கும். உடனே கணனியின் மீது பழி விழும். மீண்டும் ஒவ்வொரு பக்கமாகத் தட்டெழுதும் படலம் தொடங்கும்.

ஆங்கிலத்தில் ‘ஹெடர்’ எனப்படுவதையே இங்கு தலைவரி என்கிறேன். இந்தச் சிக்கல் கணனியோடு பிறந்ததன்று. தலைவரி எக்காலத்திலும் பக்கத்துக்குச் சொந்தமானதாக இருந்ததில்லை. அது பக்கத்துக்கு வெளியேயுள்ள ஒரு சட்டத்துக்குச் சொந்தமானது. பக்கங்கள் அந்தச் சட்டத்துக்குள் வந்து போகின்றன. அந்தச் சட்டம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று அறியாதவன் தலைவரியை இழக்கிறான். இதனை விளங்கிக்கொள்ள அச்சுக்கலையின் பழைய பக்கங்கள் சிலவற்றைப் புரட்டுவது பயன்தரும்.

ஏடும் எண்ணும்

ஒரு பக்கம் தனித்து அகப்பட்டால், அது எந்த நூலின் எந்தப் பக்கம் என்று அதுவே சொல்ல வேண்டும். தலைவரியின் தேவை இவ்வளவுதான்.

நம் முன்னோரின் ஓலைச்சுவடிகளில் ஏட்டின் எண் இடப்புற ஓரத்தில் தமிழ் எண்களால் எழுதப்பட்டது. கயிறு அறுந்து ஏடுகள் கலைந்தால் மீண்டும் அடுக்குவதற்கு அந்த எண்ணே துணை. ஆனால் ஓலையில் முதலில் அழிவதும் ஓரமே. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தொட்டால் ஓரம் உதிரும் ஏடுகளைப் பற்றிப் பதிப்புரையில் வருந்தி எழுதினார். உதிர்ந்த ஓரத்தோடு சில வேளை எண்ணும் போயிற்று. எண் போன ஏட்டை, பாட்டின் பொருளையும் யாப்பையும் கொண்டு இடமறிந்து வைக்க வேண்டியிருந்தது. பக்கத்தின் அடையாளம் தொலைந்தால் ஏற்படும் இழப்பைப் பழைய நூல்களின் பதிப்பாசிரியர்கள் அறிந்த அளவுக்கு வேறு எவரும் அறிந்திருக்கமாட்டார்கள்.

ஐரோப்பாவிலும் அச்சு வந்த உடனேயே பக்க எண் வந்துவிடவில்லை. கொலோன் நகரில் ஆர்னோல்ட் தெர் ஹோர்னன் 1470 இல் அச்சிட்ட சிறு நூலொன்றிலேதான் தாள்களுக்கு அச்செழுத்தால் எண்ணிடும் வழக்கத்தின் தொடக்கம் காணப்படுகிறது. வெனிஸ் நகரின் புகழ்பெற்ற அச்சாளர் ஆல்டஸ் மனூசியஸ் 1499 இல் வெளியிட்ட நூலில் தாளின் இரு புறமும் எண்ணிடப்பட்டது. பக்கத்தின் மேலே நூலின் பெயரை எழுதும் வழக்கம் அதனினும் பழையது; கையெழுத்துப் பிரதிகளின் காலத்திலிருந்தே அது உண்டு. அச்சாளர்கள் அதைக் கைக்கொண்டார்கள். அப்போதுதான் தலைவரி ஒரு சட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

ஈய எழுத்துக்காலத்து வார்ப்புரு

ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், அச்சுக்கோப்பாளர் கோத்த பக்கங்களை ஒரு தட்டையான கல்லின் மீது வைத்து, சுற்றிலும் மரக்கட்டைகளை அடுக்கி, இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கி, அச்சியந்திரத்துக்கு அனுப்புவார்கள். அச்சிட்டு முடிந்ததும் உள்ளே இருந்த எழுத்துகள் பிரித்து அறைகளில் போடப்படும். ஆனால் நூலின் பெயரைத் தாங்கிய தலைவரியையும் கோடுகளையும் கட்டைகளையும் பிரிக்கமாட்டார்கள். அடுத்த பக்கங்களுக்கும் அவை வேண்டியவை அல்லவா? அவற்றை அப்படியே எடுத்துப் புதிய பக்கங்களைச் சுற்றி வைப்பார்கள். பழைய பொருள் வெளியேற, சட்டம் மட்டும் தங்கும். ஆங்கில அச்சாளர் இதனை எலும்புக்கூடு என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். இன்று வார்ப்புரு என்று நாம் அழைப்பது இந்த எலும்புக்கூட்டின் பேரப்பிள்ளை.

ஒரே தலைவரி மீண்டும் மீண்டும் பயன்பட்டதால், அதில் ஓர் எழுத்து முறிந்திருந்தால் அந்த முறிவு பல பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும். இருபதாம் நூற்றாண்டின் நூலியல் ஆய்வாளர்கள் இதைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்க அறிஞர் பிரெட்சன் போவர்ஸ் 1938 இல் இதுபற்றி எழுதினார். சார்ல்டன் ஹின்மன், வொஷிங்டனிலுள்ள போல்ஜர் நூலகத்தில் ஷேக்ஸ்பியரின் 1623 ஆம் ஆண்டுப் பெருந்தொகுப்பின் பல பிரதிகளைத் தாமே அமைத்த ஒப்புநோக்கும் கருவியொன்றில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து, அத்தொகுப்பு அச்சான வரலாற்றை 1963 இல் நூலாக வெளியிட்டார்.

அத்தொகுப்பில் ‘ட்ரொய்லஸும் கிரெசிடாவும்’ என்ற நாடகத்தைப் பாருங்கள். அதன் இரண்டாம், மூன்றாம் பக்கங்களில் 79, 80 என்ற எண்கள் உள்ளன. தலைவரியும் அதனை ஒரு துன்பியல் நாடகம் என்கிறது. அதற்குப் பின்வரும் பக்கங்களில் எண்ணும் இல்லை, ‘துன்பியல்’ என்ற சொல்லும் இல்லை. நாடகத்தின் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. நூலின் முன்னாலுள்ள பொருளடக்கத்திலும் அந்நாடகம் இடம்பெறவில்லை. நிகழ்ந்தது இதுதான். முதலில் இந்நாடகம் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தை அடுத்து வருவதாக இருந்தது. சில பக்கங்கள் அச்சானதும் வேலை நிறுத்தப்பட்டது. பதிப்புரிமைச் சிக்கலே காரணம் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். அந்த இடத்தில் வேறொரு நாடகம் வைக்கப்பட்டது. பின்னர், தொகுப்பு முடியுந் தறுவாயில், ட்ரொய்லஸ் வேறோர் இடத்தில் செருகப்பட்டது. முதலில் அச்சான தாள் வீணாகாமல் அப்படியே பயன்பட்டதால் பழைய எண்களும் பழைய தலைவரியும் அதில் தங்கிவிட்டன. அச்சாளர் எழுதி வைக்காத ஒரு வரலாற்றை இரண்டு பக்கங்களின் தலைகள் சொல்கின்றன.

பத்திரிகையின் மேல்வரி

பத்திரிகைப் பக்கத்தின் மேல்வரியில் பத்திரிகையின் பெயர், திகதி, பக்க எண் ஆகியன இருக்கும். வாசகர் அதைப் படிப்பதேயில்லை. ஈய எழுத்துக் காலத்தில் இந்த வரியும் நிரந்தரமாகக் கோத்து வைக்கப்பட்டதே. நாள்தோறும் மாற வேண்டியது திகதி மட்டும். அதை மாற்ற மறந்தால் நேற்றைய திகதியுடன் இன்றைய பத்திரிகை வெளிவரும். ஒப்புநோக்குபவர்கள் செய்திகளை எழுத்தெழுத்தாகப் பார்ப்பார்கள். தலைவரியை எவரும் பாராதிருக்கும் ஆபத்து எப்போதும் உண்டு. நிரந்தரமானது சரியாகத்தான் இருக்கும் என்பது மனித இயல்பான நம்பிக்கை.

இந்த வரியின் மதிப்பு, பத்திரிகைகள் அழிந்த பின்னரே தெரிகிறது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அதே நாட்களில், 1959 இல் தொடங்கப்பட்ட ‘ஈழநாடு’ பத்திரிகையின் பணிமனையும் அச்சகமும் தீக்கிரையாயின. அதற்குப் பின்னர் பழைய பத்திரிகைகளைத் தேடியவர்களுக்கு வீடுகளில் எஞ்சிய தனித்தாள்களும் கத்தரித்து வைத்த நறுக்குகளும் மட்டுமே கைகொடுத்தன. கத்தரிக்கோலால் செய்தியை வெட்டுபவர் பெரும்பாலும் மேல்வரியை விட்டுவிடுவார். ஓரத்தில் பேனாவால் திகதி குறித்தவர்கள் புண்ணியவான்கள். குறியாதவர்கள் சேர்த்து வைத்த நறுக்கு, எந்தப் பத்திரிகை, எந்த ஆண்டு என்று அறியப்படாமல் பாதிச் சாட்சியாகவே நிற்கிறது. 2005 இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளில் ஒரு தாளை உரிய இடத்தில் சேர்ப்பதற்கு முதலில் கண் செல்ல வேண்டிய இடம் அந்த ஒற்றை வரியே.

தட்டெழுத்திலிருந்து திரைக்கு

தட்டெழுத்துக் காலத்து அலுவலகங்களில் ஒரு மரபு இருந்தது. நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட அழகிய தாள் கடிதத்தின் முதற் பக்கத்துக்கு மட்டுமே. இரண்டாம் பக்கத்துக்கு வெற்றுத்தாள். அதன் மேலே பெறுபவரின் பெயர், பக்க எண், திகதி ஆகியவற்றைத் தட்டெழுத்தாளர் இடுவார். நூல் அச்சில் வேறொரு மரபு: இடப்பக்கத்தின் தலையில் நூலின் பெயர், வலப்பக்கத்தின் தலையில் அத்தியாயத்தின் பெயர். இவ்விரு மரபுகளையும் நினைவிற் கொள்ளுங்கள். கணனிக்குள் இவை இரண்டும் அப்படியே புகுந்தன.

கணனியில் தலைவரி என்பது 1964 அளவிலேயே வந்துவிட்டது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் சால்ட்சர் எழுதிய ‘ரன்ஓஃப்’ என்ற நிரலில், ஒரு புள்ளியுடன் தொடங்கும் வரி கட்டளையாகக் கொள்ளப்பட்டது. தலைவரிக்கும் அவ்வாறே ஒரு கட்டளை இருந்தது. 1978 இல் வெளிவந்த ‘வேர்ட்ஸ்டார்’ மென்பொருளிலும் இதே புள்ளி முறைதான். புள்ளியை அடுத்து எச், ஈ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள், அதன்பின் தலைவரி. அது அச்சில் வராது. ஆனால் திரையில் எப்போதும் கண்முன்னே இருக்கும். பின்னர் வந்த ‘வேர்ட்பெர்பெக்ட்’ மென்பொருளில் கட்டளைகள் மறைந்திருந்தாலும், ஒரு விசையை அழுத்தினால் அவை யாவும் திரையின் அடிப்பாகத்தில் வெளிப்படும். தலைவரி தொலைந்தால் தேடிப் பிடிக்கலாம்.

மறுபுறம், ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் 1974 இல் பட்லர் லாம்ப்சனும் சார்ல்ஸ் சிமோனியும் ‘பிராவோ’ என்ற எழுத்துச் செயலியை உருவாக்கினர். தாளில் வருவதைத் திரையிலேயே காட்டுவது அதன் நோக்கம். சிமோனி 1981 இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். 1983 இல் ‘வேர்ட்’ வந்தது; 1989 இல் விண்டோஸ் இயங்குதளத்துக்கான வேர்ட் வந்தது. கட்டளைகள் கண்ணிலிருந்து மறைந்தன. பக்கம் பக்கமாகவே தெரிந்தது. பயன்படுத்துபவருக்கு இது பெரும் விடுதலை. ஆனால் சட்டம் எங்கே இருக்கிறது என்ற அறிவும் கட்டளைகளோடு சேர்ந்து மறைந்தது.

எங்கே போகிறது, எவ்வாறு மீட்பது

வேர்ட் ஆவணத்தில் தலைவரி பக்கத்துக்குரியதன்று. ‘செக்ஷன்’ எனப்படும் பிரிவுக்குரியது. ஓர் ஆவணம் ஒரே பிரிவாக இருக்கலாம். பல பிரிவுகளாகவும் இருக்கலாம். ஒரு பிரிவின் தலைவரி, ஓரம், தாளின் அளவு ஆகிய விபரங்கள் அப்பிரிவின் முடிவிலுள்ள முறிப்புக் குறியோடு சேர்ந்திருக்கும். இறுதிப் பிரிவின் விபரங்கள் ஆவணத்தின் கடைசியில் இருக்கும். இந்த ஓர் உண்மையை அறிந்தால் பெரும்பாலான புதிர்கள் அவிழும்.

முதலில், தலைவரி உண்மையிலேயே தொலைந்ததா என்று பார்க்க வேண்டும். ‘டிராஃப்ட்’ காட்சியிலும் இணையப்பக்கக் காட்சியிலும் தலைவரி தெரியாது. ‘பிரிண்ட் லேஅவுட்’ காட்சியிலும் இரு பக்கங்களுக்கு இடையேயுள்ள இடைவெளியில் சுட்டியை இருமுறை சொடுக்கிவிட்டால் மேல் ஓரம் முழுவதும் மறையும். மீண்டும் அங்கே இருமுறை சொடுக்கினால் திரும்பும். அச்சு முன்தோற்றத்தைப் பார்த்துவிட்டே முடிவுக்கு வரவேண்டும்.

இரண்டாவது, ‘டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்’ என்ற தெரிவு. மேலே கூறிய தட்டெழுத்து மரபின் வாரிசு இதுவே. இத்தெரிவு இயங்கினால் முதற் பக்கத்துக்கு ஒரு தலைவரி, ஏனையவற்றுக்கு வேறொன்று. முதற் பக்கத்தில் மட்டும் எழுதிவிட்டு நின்றால் இரண்டாம் பக்கம் வெறுமைதான். ஒற்றை, இரட்டைப் பக்கங்களுக்கு வெவ்வேறு தலைவரி என்ற தெரிவு நூல் மரபின் வாரிசு. ஒன்றுவிட்டு ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் காரணம் இதுவே. வேண்டாதவர் தெரிவை நீக்கலாம். வேண்டுபவர் மற்ற இடத்திலும் எழுதவேண்டும். இந்த முதற் பக்கத் தெரிவு ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியானது என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாவது, முறிப்புக் குறியை அழித்தல். வெற்றிடம் என்று நினைத்து ஒருவர் அழித்துவிடும் அந்தக் குறியோடு மேற்பிரிவின் விபரங்களும் போய்விடும். மேற்பிரிவு கீழ்ப்பிரிவின் தலைவரியை ஏற்கும். கீழே தலைவரி இல்லையென்றால் மேலேயும் இல்லாமற் போகும். உடனடியாகச் செயலைத் திருப்பிவிடலாம். குறியை நீக்கியே ஆகவேண்டுமென்றால், முதலில் கீழ்ப்பிரிவின் தலைவரிக்குள் சென்று ‘லிங்க் டு பிரீவியஸ்’ என்ற இணைப்பை இயக்கி, மேற்பிரிவின் தலைவரியைக் கீழே இறக்கிக்கொண்டு பின்னர் நீக்கவேண்டும். இதே இணைப்பு மறுபக்கமும் வெட்டும். இரண்டாம் பிரிவில் தலைவரி வேண்டாமென்று அழிப்பவர் இணைப்பைத் துண்டிக்காமல் அழித்தால் முதற் பிரிவிலும் அது அழிந்துவிடும். முதலில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பின்னரே கைவைக்க வேண்டும்.

நான்காவது, வார்ப்புரு பற்றிய தவறான எண்ணம். வார்ப்புருவைத் திருத்தினால் அதிலிருந்து முன்னர் உருவான ஆவணங்கள் யாவும் திருந்தும் எனப் பலர் நினைக்கின்றனர். அவ்வாறன்று. ஆவணம் பிறக்கும் வேளையில் வார்ப்புருவின் தலைவரி அதற்குள் பிரதி செய்யப்படுகிறது. அத்தோடு உறவு முடிந்தது. பழைய ஆவணத்துக்குப் புதிய வார்ப்புருவை இணைத்தாலும் எழுத்துநடைப் பாணிகள் வருமேயன்றித் தலைவரி வராது. திருத்திய வார்ப்புருவிலிருந்து புதிய ஆவணமொன்றைத் திறந்து, பழைய உள்ளடக்கத்தை அதற்குள் கொண்டுவருவதே வழி. வார்ப்புருவைத் திருத்தும்போது அதனை இருமுறை சொடுக்கக்கூடாது; சொடுக்கினால் புதிய ஆவணமே பிறக்கும், திருத்தமும் அதிலேயே தங்கிவிடும். வலச்சொடுக்கில் ‘ஓபன்’ என்று திறக்கவேண்டும்.

எல்லா ஆவணத்துக்கும் தாயான ‘நோர்மல்’ வார்ப்புருவில் தலைவரியை வைப்பதும் விவேகமன்று. 1995 இல் ‘கொன்செப்ட்’, 1999 இல் ‘மெலிசா’ ஆகிய நச்சுநிரல்கள் குடியேறிய இடம் அதுவே. அது பழுதுபட்டால் அதன் பெயரை மாற்றிவிட்டு வேர்ட்டைத் திறப்பது வழமையான பரிகாரம். வேர்ட் உடனே புதிய ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும். அந்தப் புதியதில் உங்கள் தலைவரி இராது. தனி வார்ப்புருவில் வைத்து, அதன் பிரதியொன்றை வேறிடத்திலும் பாதுகாக்க வேண்டும்.

ஐந்தாவது, தாள். இலங்கையிலும் ஐரோப்பாவிலும் நாம் பயன்படுத்தும் ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீற்றர். கனடாவிலும் அமெரிக்காவிலும் பயன்படும் ‘லெட்டர்’ தாளின் உயரம் ஏறத்தாழ 279 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தில் தயாரித்த ஆவணத்தை ரொரன்ரோவில் அளவு மாற்றாமல் அச்சிட்டால் இந்த 18 மில்லிமீற்றர் எங்கோ வெட்டுப்பட வேண்டும். பக்கத்தின் தலையோ காலோ அதற்கு இரையாகலாம். அதுவன்றி, அச்சுப்பொறிகள் பல தாளின் விளிம்புவரை அச்சிடுவதில்லை. தலைவரியை விளிம்பிலிருந்து ஓர் அங்குலத்தின் பாதியளவாவது கீழே வைத்தல் பாதுகாப்பானது.

இன்றும் அதே சட்டம்

வேர்ட் 2007 பதிப்போடு வந்த ‘டொக்ஸ்’ வகைக் கோப்பு உண்மையில் பல சிறு கோப்புகளை அடக்கிய ஒரு பொதி. அதன் நீட்சிப் பெயரை ‘சிப்’ என்று மாற்றித் திறந்து பார்த்தால், உள்ளடக்கம் ஒரு கோப்பிலும் தலைவரி வேறொரு கோப்பிலும் கிடக்கக் காணலாம். உள்ளடக்கத்திலுள்ள பிரிவு விபரம், ‘எனது தலைவரி அந்தக் கோப்பில் உள்ளது’ என்று சுட்டும். சுட்டு அறுந்தால் தலைவரி பக்கத்தில் தோன்றாது. கல்லின் மீது எழுத்துகளைப் பிரித்துவிட்டுத் தலைவரியைத் தனியே தூக்கிவைத்த அச்சாளரின் ஒழுங்கு அப்படியே தொடர்கிறது. மாறியது ஈயம் மட்டுமே.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதவேண்டும் என்று வாசகர் கேட்கலாம். நம் நாட்டில் தாள்கள் தனித்துப் போவது சாதாரண நிகழ்வு. 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னிலையிலும், காணாமற்போனோர் தொடர்பில் 2013 இல் நியமிக்கப்பட்ட சனாதிபதி ஆணைக்குழுவின் முன்னிலையிலும், உறவினர்கள் தாள்கட்டுகளோடு வந்து நின்றதை நாடறியும். ஒரே மனு பல இடங்களில் கையளிக்கப்படுகிறது, பிரதி எடுக்கப்படுகிறது, ஊசி கழற்றப்பட்டு மீண்டும் கோக்கப்படுகிறது. மூன்றாம் பக்கத்தின் தலையில் மனுதாரரின் பெயரும் திகதியும் ‘மொத்தம் ஐந்தில் மூன்று’ என்ற குறிப்பும் இருந்தால் அது தன் இடத்துக்குத் திரும்பும். இல்லையெனில் ஒரு தாயின் வாக்குமூலத்தின் நடுப்பகுதி, எவருடையது என்று தெரியாத வெறுந்தாளாகிவிடும். அந்த மனுக்களைத் தட்டெழுதிக் கொடுக்கும் சிறு கடைகளிலும் சங்கப் பணிமனைகளிலும் உள்ளவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

ஆவணத்தை மூடுமுன் அச்சு முன்தோற்றத்தில் முதற் பக்கத்தையும் இரண்டாம் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். இம்மூன்றிலும் தலைவரி சரியாக இருந்தால் மற்றவற்றிலும் பெரும்பாலும் சரியாக இருக்கும். பிரிவுகள் பலவாயின் ஒவ்வொரு பிரிவின் தொடக்கத்தையும் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் போதும்.